பூஸ்டரை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

நான் செல்லூர்க்காரன். மதுரையில் முதுகலை இதழியல் படிக்கிறேன். எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கேபிள் இழுத்து, உள்ளூர் சேனலும் நடத்திய ஒருவரைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் அவர் காலமாகிவிட்டார். நீங்கள் அவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மதுரையில் முதலில் கேபிள் விட்டது அவரே இல்லை என்கிறார்கள். ஆரம்பத்தில் சட்டவிரோதமாக நடத்தினார் என்கிறார்கள். நகைக்கடை விளம்பரமும் மதுரைப் பெருமையுமாகவே பேசிக்கொண்டிருந்தவரைப் பத்திரிகையாளர் என்று எப்படி எழுதுவது, லோக்கல் சேனல்தானே என்று என் வழிகாட்டி கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைக்கச் சொல்லி நண்பர்கள் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?

(பெயர் வேண்டாம்)
செல்லூர், மதுரை

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரையும், கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த அவருடைய பெயரையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே போட்டிருக்கிறேன். அவர் வீட்டார் அவரைப் பற்றி வெளியில் பேசுவதை விரும்புகிறவர்கள் இல்லை. நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே இருக்கட்டும். பழைய தூர்தர்ஷனில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வரும். நேயர்களின் கடிதங்களை நிலைய இயக்குநரே எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார், பாதிக் கடிதங்கள் சினிமாப் பாட்டு போடும் 'ஒளியும் ஒலியும்' போதவில்லை என்றுதான் இருக்கும். அவர் பொறுமை எனக்குக் கிடையாது. பத்துக் கடிதம் வந்தால் ஒன்றுக்குப் பதில் எழுதுவேன். உங்களுக்கு எழுதக் காரணம், இரண்டு வாரமாக நானே அண்ணனை நினைத்துக்கொண்டிருந்ததுதான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில், முதலில் விட்டது யார் என்ற கதையை விடுங்கள். 1980களின் நடுவில் வீடியோ கேசட் ஓட்டுகிற ஒரு டெக்கை வைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு மொட்டை மாடி வழியாக வயர் இழுத்தவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். எல்லோரும் நான்தான் முதல் என்பார்கள், எல்லோரும் சொல்வது அவரவர் தெருவைப் பொறுத்தவரை உண்மையும்கூட. முதல் ஆள் யார் என்று தேடுகிற ஆய்வேடு கடைசியில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சண்டை மூட்டிவிடும். உங்களுக்குப் பட்டம் கிடைத்துவிடும், அவர்கள் கல்யாணத்துக்குக்கூடப் போய்வர மாட்டார்கள். அது தேவையா?

சட்டவிரோதம் என்கிறீர்கள். எந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று பார்க்கவேண்டாமா? கேபிளுக்கென்று இந்த நாட்டில் சட்டம் வந்ததே 1994 செப்டம்பர் கடைசியில், அதுவும் அவசரச் சட்டமாக. 1995ல்தான் முழுச் சட்டம். அதற்கு முன்னால் கையில் இருந்தது 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம். வளைகுடாப் போரை 1991ல் சி.என்.என். நேரடியாகக் காட்டி, ஸ்டார் வந்து, ஜீ வந்து, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவியும் வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் டெல்லி கண் விழித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றது. பதிவு செய்வது எங்கே தெரியுமா? தலைமைத் தபால் நிலையத்தில்! ஸ்காட் ரோட்டுத் தபால் ஆபீஸ் வரிசையில், மணியார்டர் அனுப்ப வந்தவர்களுக்கு நடுவே, அண்ணன் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நான், ஃபைலோடு. தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டவேண்டும் என்று சட்டத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, "இதை வேற சொல்லணுமாக்கும், வயலும் வாழ்வும் நின்னா ஒத்தக்கடைக்காரன் என்னையக் கொன்னுருவான்" என்றார். ஒத்தக்கடைக்கு எங்கள் வயர் போகவே இல்லை. அவருக்கு ஊர் என்றால் எல்லாம் சேர்ந்ததுதான்.

சரி, இப்போது உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். 'லோக்கல் சேனல்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டி கேட்டதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று மெதுவாக நீங்களும் பின்னால் போய் நின்றுகொள்கிறீர்கள். லோக்கல் என்ற சொல் தமிழில் எப்போது வசவாயிற்று? 'லோக்கலாப் பேசாதே', 'ஆளு ரொம்ப லோக்கலு' என்று நாம் சொல்கிறோமே, அதற்கு மலிவு, முரடு, நாகரிகம் இல்லாதது என்று அர்த்தம். சொந்த ஊர்க்காரன் என்பதற்கான சொல்லையே திட்டாக ஆக்கிவைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள், உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பற்றி ஆய்வேடு எழுதக் கிளம்பியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் முதலில் அந்த 'தானே'யை அடித்துவிடுங்கள்.

அண்ணன் தொழிலுக்கு வந்தது கேபிளால் இல்லை, ஆன்டெனாவால். அது உங்கள் குறிப்பில் எங்குமே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அலை மதுரைக்கு எட்டாது. சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் லீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் டவர் பிதுருதலாகல மலை உச்சியில். மதுரைக்குச் சென்னையைவிட இலங்கை கிட்டத்தில் வந்தது அப்போதுதான். நாற்பது அடி ஜி.ஐ. பைப்பை மொட்டை மாடியில் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் அலுமினியக் குச்சி ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பிவைத்தால், காற்று வாகான இரவுகளில் படம் தெரியும். அண்ணன் அப்போது வடக்கு மாசி வீதிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். டிவி வாங்கியவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்து நின்றார்கள், ஆன்டெனா நட.

நட்டாலும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதற்குப் பூஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் அண்ணனுக்கும் மற்ற மெக்கானிக்குகளுக்கும் தகராறு. வீட்டுக்காரர்கள் டிவிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வார்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, அதன் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி. காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களே! மற்றவர்களும் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் மாட்டார். பைப்பில் ஏறி, ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு முழம் தள்ளி அதைக் கட்டி, மழை படாமல் மேலே பாலித்தீன் உறையைப் போட்டு, அப்புறம்தான் இறங்குவார். காரணம் எளிது. ஆன்டெனா பிடிக்கிற அலை அந்த நாற்பது அடி வயரில் இறங்கி வருவதற்குள் பாதி செத்துவிடும், இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். கீழே வைத்த பூஸ்டருக்கு எது படம் எது இரைச்சல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிவிடும். புள்ளிகள் இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். மேலே வைத்தால், அலை உயிரோடு இருக்கும்போதே அதைப் பெருக்கிவிட்டு, அப்புறம் வயரில் விடலாம். "பெருக்கிறதுன்னா பிறக்கிற எடத்துல பெருக்கணும்டா" என்பார். எனக்கு அப்போது அது மின்னணுவியல் பாடம்.

நான் அவரிடம் சேர்ந்தது 1994ல். டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் தல்லாகுளம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன், தட்டச்சு தெரியும் என்பதற்காக எடுத்துக்கொண்டார். மதிச்சியத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதுதான் கன்ட்ரோல் ரூம். வெளியே மூன்று டிஷ், பெரியது பன்னிரண்டு அடி, அதன் நிழலில்தான் நாங்கள் சாப்பிடுவோம். உள்ளே, படத்தை வயரில் ஏற்றி அனுப்புகிற மாடுலேட்டர் பெட்டிகளைச் சேனலுக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும், கை வைத்தால் சுடும். சித்திரை மாத வெயிலில் அறைக்குள் இருந்த ஒரே மின்விசிறி எங்களைப் பார்த்து ஓடாது, டெக்கைப் பார்த்து ஓடும். மாதச் சந்தா 50 ரூபாய், அதையும் ஐந்து தேதிக்கு அலைந்து அலைந்து வாங்கவேண்டும். என் வேலை கீழே ஓடுகிற எழுத்துகளை அடிப்பது. காதணி விழா, பூப்புனித நீராட்டு, கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி, காணவில்லை, அப்புறம் மரண அறிவிப்பு. பிறந்த நாள் வாழ்த்துக்கு 30 ரூபாய், மரணத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது எது என்று நினைக்கிறீர்கள்? சினிமா இல்லை, செய்தி இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓடும் அந்த வரிதான். இன்னார், இன்ன தெரு, நாளைக் காலை பத்து மணிக்குத் தத்தனேரிக்கு. கிழவிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைப்பார்கள், காலையில் துஷ்டிக்குப் போகவேண்டுமா வேண்டாமா என்று தெரிய வேண்டுமே. இதைப் பத்திரிகைத் தொழில் என்று சொல்ல முடியுமா என்று உங்கள் வழிகாட்டியிடமே கேளுங்கள். யார் செத்தார், எங்கே, எப்போது, இதில் ஒன்று தவறாகப் போயிருந்தாலும் மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். எந்தத் தலைநகரச் செய்தி ஆசிரியருக்கும் அந்தப் பயம் கிடையாது.

தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும் அல்லவா, ஒரு வருடம் அதில் அண்ணன் கடை எடுத்தார். விற்க ஒன்றும் இல்லை. ஒரு கேமரா, ஒரு கலர் டிவி, அவ்வளவுதான். எதிரே நிற்பவர்களை அந்த டிவியில் காட்டுவது. அழகரைப் பார்க்க மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்த சனம் அந்தப் பக்கமாகத்தான் போகும். மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயது இருக்கும், டிவியில் தன்னைப் பார்த்துவிட்டு நின்றார். நெற்றியில் முடி ஒன்று விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கக் கையைத் தூக்கினார், கை வேறு பக்கம் போயிற்று. கண்ணாடியில் பார்த்துப் பழகிய கை அது, டிவியிலோ நம்மைப் பிறர் பார்க்கிறபடி காட்டுவான். இரண்டு தரம், மூன்று தரம் தடவிப் பார்த்து, அப்புறம் சிரித்துவிட்டு, "இதாய்யா நான்? எல்லாரும் இப்படித்தான் பாக்குறாகளா என்னைய?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. கடையைக் கட்டும்போது, "நம்ம சேனல்ல இதத்தான்டா செய்யணும்" என்றார். கண்ணாடி காட்டுவதையும் மற்றவர் பார்க்கிறபடி காட்டுவதையும் அவர் பிரித்துத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஊரைப் பற்றி நிகழ்ச்சி போடத் தொடங்கியதும் அதற்கு அப்புறம்தான். தினம் ஐந்து நிமிடம், ஒரு தெரு. அந்தத் தெருவில் நல்லது என்ன, நாறுவது என்ன. வயிரம் மாதிரிச் சுங்குடி கட்டும் சௌராஷ்டிரக் கிழவர் ஒரு நாள், அதே தெருவில் மூன்று மாதமாக மூடாத குழி மறுநாள். கிருதுமால் நதிக்கரையை மட்டும் ஒரு மாதம் விடாமல் எடுத்தோம். நதி என்று பெயர், நீங்கள் பார்த்திருப்பீர்கள், சாக்கடைதான். கேமரா முன்னால் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "வார்டு நம்பர் சொல்லுங்க." பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார். வார்டு நம்பரைச் சொல்லிவிட்டால் எந்தக் கவுன்சிலர், எந்தப் பொறியாளர் என்பது சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும், வழக்குப் போடவும் முடியாது.

அழகர் ஆற்றில் இறங்கியதை நேரடியாகக் காட்டினோம். ஆழ்வார்புரம் கரைக்கும் மதிச்சியத்துக்கும் கூப்பிடு தூரம்தான் என்பதால் ராத்திரியோடு ராத்திரியாகத் தனி வயர் இழுத்துவிட்டோம். விடிகிற நேரம், ஏ.வி. பாலம் முழுக்கத் தலை, தங்கக் குதிரை வருகிறது. போன் அடிக்கத் தொடங்கியது. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், பட்டு என்ன கலர்? பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழகர் கட்டியிருந்தது பச்சைதான். எங்கள் டிவியில் அது மஞ்சளாகத் தெரிந்தது. ஆலஜன் விளக்கு வெளிச்சத்தில் கேமராவுக்கு வெள்ளை எது என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம், அதனால் எல்லாமே மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. பாதி மதுரை மஞ்சள் பட்டு என்று பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கேமரா முன்னால் வந்து, தன் வேட்டி நுனியை விரித்து லென்ஸுக்கு நேரே பிடித்தார். "அமுக்குடா பட்டனை." பத்து விநாடி, அழகர் ஆற்றில் இறங்கப்போகிற அந்த நேரத்தில், ஊர் முழுக்கத் திரையில் தெரிந்தது அண்ணனுடைய வேட்டி மட்டும்தான். அதை எடுத்ததும் பச்சை. வீட்டில் என் அம்மா டிவி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம், வேட்டிக்கா பட்டுக்கா என்று இதுவரைக்கும் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், பத்திரிகையாளரா, ஊர்ப் பெருமை பேசுகிற விளம்பரக்காரரா என்ற கேள்விக்கு. ஊரைத் தூக்கிப்பிடிக்கிறவர் என்றால் உங்களுக்கு ஏன் முகம் சுளிக்கிறது? தூக்கிப்பிடித்தார்தான். வண்டியூர்த் தெப்பக்குளம் காய்ந்து கிரிக்கெட் மைதானமாகக் கிடந்த காலத்தில், வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக இங்கே வரவேண்டும் என்று வாரம் தவறாமல் சொன்னவர் அவர். இப்போது அங்கே தண்ணீர் நிற்பதற்கு அவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாராவது உங்கள் ஆய்வேட்டுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பூஸ்டர் வேலையை அவர் எங்கே உட்கார்ந்து செய்தார் என்று பாருங்கள். குழாயடியில், குழிக்குப் பக்கத்தில், கிருதுமால் கரையில். அலை உயிரோடு இருக்கும் இடத்தில். அதனால்தான் அவர் மதுரையைப் புகழ்ந்தால் ஊர் நம்பியது. திட்டுகிறவனும் அவனேதானே?

இரண்டு வாரமாக அவர் நினைப்பாகவே இருந்தேன் என்றேன் அல்லவா. காரணம், என் அக்கா மகன் அனுப்பிய ஒரு வீடியோ. 'மதுரைக்காரன்டா' என்று தலைப்பு. ட்ரோனில் கோபுரம், மெதுவாகச் சுற்றுகிறது. ஜிகர்தண்டா டம்ளரில் விழுகிறது, மெதுவாக. புரோட்டாக் கல்லில் கொத்துகிறார்கள், அதுவும் மெதுவாக. ஒரு மீசை, ஒரு காளை, ஒரு அரிவாள், முடிந்தது. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு தெருவின் பெயர் இல்லை, ஒரு மனிதரின் குரல் இல்லை. எங்கோ சினிமாவில் பார்த்த மதுரை, அது இன்னொருவன் ஃபோனில் இறங்கி, அங்கிருந்து இன்னொருவன் கைக்குப் போய், கடைசியில் பூஸ்டரை வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள். பெருகியது புள்ளிதான். கேபிளிலும் இந்தக் கதைதான் தம்பி. வழியில் எத்தனை ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதோ அத்தனையின் இரைச்சலும் சேர்ந்துதான் கடைசி வீட்டுக்குப் போய்ச்சேரும். மதுரைச் செய்தியும் இன்று அப்படித்தான் வருகிறது. கீழவாசலில் நடந்தது சென்னைக்குப் போய், அங்கே நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்தி, அப்புறம் கீழவாசலுக்கே திரும்பி வருகிறது. கீழவாசல்காரன் அதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். மறுபடி மறுபடி இதையே சொல்கிறேன் என்று தெரிகிறது. சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஊடகப் படிப்பில் உங்களுக்கு எல்லாப் பெட்டியையும் பற்றிச் சொல்லித்தருகிறார்கள், அதை எங்கே கட்டுவது என்று மட்டும் சொல்லித்தருவதில்லை.

அண்ணனைச் சாமியாக்குகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் அவரிடமிருந்து விலகியது சண்டையில்தான். ஒரு கடையிலிருந்து கழிவுநீர் தெருவில் ஓடியதை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு முழு நாள் நின்று எடுத்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதிப்பதெல்லாம் இருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம். அந்தக் கடை விளம்பரத்தில்தான் எங்கள் இரண்டு மாதச் சம்பளம் நடந்தது. அண்ணன் முழுக்கப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கேசட்டையே அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அதன் மேலேயே பதிவாகிவிட்டது. நான் கத்தினேன். "சம்பளத்த நீ குடுக்கிறியா?" என்றார். தப்புதான் செய்தார். அவரும் தப்பென்று தெரிந்துதான் செய்தார், ஏனென்றால் அதற்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அடுத்த மாதம் நான் நின்றுவிட்டேன். இதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். ஆனால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு வெறும் விளம்பரக்காரர் என்று எழுதினால், அந்த ஒரு மாதக் கிருதுமாலுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் எழுதவேண்டும். அந்த ஒரு மாதம் எங்களுக்கு விளம்பரமே வரவில்லை.

தெருப் பெயர் விஷயம். நான் கையெழுத்துப் போடவில்லை, வருத்தப்படாதீர்கள். விளக்குத்தூண் பக்கம் தினமும் போகிறீர்கள், துணி எடுக்கிறீர்கள். அந்தத் தூண் யாருக்காக நட்டது? 1840களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே விரித்தார். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கு மனை என்று அறிவித்ததால் ஊர்க்காரர்களே கடப்பாரையோடு வந்தார்கள். அவர் நினைவுக்கு நட்டதுதான் அந்த விளக்கு. அந்த வேலையில் அளவெடுத்த மாரட் துரைக்கு மாரட் வீதி, மேஸ்திரி பெருமாளுக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி. பெருமாள் மேஸ்திரி வீதியில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், ஏதோ பெருமாள் கோவில் சம்பந்தம் என்பார்கள். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அண்ணனுக்கு அந்த மாதிரி ஒரு பலகை வைத்து என்ன செய்யப்போகிறோம்?

அதைவிட ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வைக்கிற காலம் வந்து, பெரிய கம்பெனி ஒன்று எல்லா வயரையும் வளைத்துக்கொண்டபோது, அண்ணன் மொட்டை மாடியைக் காலி செய்தார். கேசட்டுகள் ஏழெட்டு மூட்டை, பழைய பேப்பர் கடைக்குப் போயின. கிலோ என்ன விலைக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சண்டையெல்லாம் ஆறிப்போன காலம் அது, பார்க்கப் போயிருந்தேன். ஒன்றை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் எப்போதும் கேசட்டின் மேல் பென்சிலால்தான் எழுதுவார், பேனாவால் எழுதினால் அழித்துவிட்டு வேறு எழுத முடியாதே. எதிர்சேவை, மூன்றுமாவடி என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதற்கு அடியில் அழித்த எழுத்தின் தடம் தெரியும். கிருதுமால், 11ம் நாள்.

ஒரே ஒரு தடவை அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அழகர் வருகிறார், தீவட்டி, சர்க்கரைத் தீபம், சொம்பு தூக்கிக்கொண்டு பெண்கள், வாராரு வாராரு என்று கூட்டம். மூன்று மணி நேரக் கேசட் அது, அழகரை எடுத்து முடித்தபோது நாடா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. படம் ஒரு தரம் உருண்டு, கோடு கோடாக ஓடி, நின்றது. அப்புறம் பழைய பதிவின் வால். கரையில் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், பின்னால் கறுப்புத் தண்ணீர், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சின்னப் பையன். கேமராவுக்கு வெளியேயிருந்து அண்ணன் குரல், வார்டு நம்பர் சொல்லுங்கம்மா. அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள், நாடா முடிந்துவிடுகிறது. நாற்பது விநாடி இருக்கும்.

என் டெக் ஓடி வருடக்கணக்காகிறது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது, தெரிந்தவர் யாராவது முதலில் அதைத் துடைக்க வேண்டும், சும்மா போட்டால் ஹெட்டும் போகும் கேசட்டும் போகும். உங்கள் கல்லூரியில் ஓடுகிற டெக் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், கேசட்டைத் தருகிறேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அழகர் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கோடு கோடாக ஓடும், கெட்டுவிட்டது என்று தோன்றும். கடைசி வரைக்கும் ஓடவிடுங்கள்.